தையலில் விட்டுப்போன மைனஸ்

சன்ஜான்
மெஹர் மாதம் 20

அன்புத் தம்பி யாஷாருக்கு,

அக்கா செவில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அப்பா வழக்கம்போல டெஹ்ரான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற மற்ற டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? போனைப் பிடுங்கிக்கொண்டு மலைமேல் ஏற்றிவிட்டால் மனிதன் எப்படித்தான் இருப்பது! கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருந்தேனே, வந்ததா? நீயே போட்டுக்கொள். எவனுக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வளையத்தை மூடிவிட்டேன்!

நீ பட்டாளத்துக்குப் போகும்முன் நாம் சேர்ந்து எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் வரிசைக்கு இரண்டு முனை இருந்ததல்லவா? நம் ஆய்வுக் கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முனையில் மோதித் திரும்புவது முடிவைக் குழப்புகிறது, வளையமாக்கிப் பாருங்கள் என்றார். கடைசி இடத்தையும் முதல் இடத்தையும் தைத்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான். நடுவில் இருந்த வரியை நகலெடுத்து அங்கே ஒட்டினேன். நிரலை ஓட்டிப் பார்த்தால் வரைபடத்தில் பள்ளம் விழுகிறதடா, இவ்வளவு ஆழப் பள்ளம்!

அப்பா மதியச் சாப்பாட்டில், "அப்படி என்னதாம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"ஃபெர்மியான்ங்கற துகளுங்க வரிசையா நிக்குதுப்பா. ஒரு இடத்துல ஒண்ணுதான் நிக்கும், ரெண்டு நிக்காது."

"நம்ம பஸ்ல அப்படி உக்காந்தாத் தேவலையே."

"அதைத் திடீர்னு உலுக்கிவிட்டாச் சமநிலை போயிடும். ஜோடி ஜோடியா ரெண்டு பக்கமும் ஓடும். ஒண்ணு இந்தப் பாதிக்கும் அதோட ஜோடி அந்தப் பாதிக்கும் போயிட்டா, ரெண்டு பாதியையும் பிணைக்கிற பின்னலோட அளவு ஏறும். வளையத்துல அதுங்க சுத்தி வந்து சந்திக்கிறப்பக் கொஞ்சம் இறங்கும், அது ஊருக்கே தெரியும். எனக்குத் தடால்னு விழுதுப்பா. இவ்வளவு ஆழம் யாரும் பாத்ததில்ல."

"சரி. இதுக்கும் எம் பையன் வீட்டுக்கு வர்றதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதுதான் சம்பந்தம். கட்டுரையில் உன் பெயரும் இருக்கிறது. அது ஏற்கப்பட்டால் உன் மிச்சப் பட்டாளச் சேவையை இங்கேயே ஆய்வு வேலையாக மாற்றித் தருவார்கள். அப்பா மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தாலியில், ட்ரியெஸ்தேயில் எனக்கு வேலை தருகிறவர்களும் அந்த ஏற்புக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒரே கட்டுரை, இரண்டு பேர் விடுதலை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
செவில்

•

ஈலாம் எல்லை, ஏழாம் காவல் குடில்
ஆபான் 9

அன்புள்ள அக்கா,

கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இங்கே நலமாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல். உன்னிடம் வேறு சொல்கிறேன்.

காலுறை வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று ஆரேஃபுக்கு. திட்டாதே. ஆரேஃப் என் மேல்கட்டில்காரன், யஸ்த் பாலைவனத்து ரொட்டிக்கடைப் பையன், இப்படிக் குளிர் பார்த்ததில்லை. ராத்திரியானால் அவன் பல் தந்தியடிக்கிற சத்தத்தில் நான் தூங்க முடியவில்லை.

இங்கே குடில்கள் குன்று ஓரமாக ஒரே வரிசை. பக்கத்துக் குடில் மட்டும் தெரியும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு கட்டிலுக்கு ஓர் ஆள். உன் ஃபெர்மியான்கள் எங்களைவிடச் சுகமாக இருக்கின்றன, அவற்றுக்குக் கண்ணிவெடி இல்லை. பழைய யுத்தத்தில் புதைத்ததெல்லாம் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. சுத்தமான பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் வைத்திருக்கிறார்கள். ஆனால் மழை வந்தால் சரிவிலிருந்து வெடி நகர்ந்து பாதைக்கு வந்துவிடுமாம். கல் நகராது.

கேப்டன் ஜலில்வந்த் என்னைப் பார்த்து, "எஞ்சினியர், ரோந்துப் பட்டியல்ல உன் பேர் இருக்கு. மழை முடிஞ்சதும் நடை ஆரம்பம். காலைப் பாத்து வை" என்றார். நான் பௌதிகம் படித்தவன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குப் படித்தவனெல்லாம் எஞ்சினியர்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வெட்கமில்லாமல் சொல்கிறேன். நடக்கும்போது கால்விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. சீக்கிரம் அந்தக் கட்டுரையை ஏற்க வை.

பள்ளத்துக்கு வாழ்த்து. எந்தெந்த அளவு வளையத்தில் விழுகிறது? எழுது.

தம்பி,
யாஷார்

•

சன்ஜான்
ஆபான் 28

அன்பு யாஷார்,

நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை, உன் கடிதத்தைப் படித்துவிட்டு. அம்மாவிடம், "கொழுத்துப் போயிருக்கான், பேன்ட் பத்தலையாம்" என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஃபெர்மியான் எண்ணிக்கை இரட்டைப்படையானால் ஆழப் பள்ளம். ஒற்றைப்படையானால் எல்லோருக்கும் விழுகிற சின்னப் பள்ளம்தான். முதலில் எனக்கும் உறுத்தியது. டாக்டர் ரஹ்னவர்த் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுதாம்மா இந்தக் கட்டுரைக்கே உயிர். ஒற்றை இரட்டைன்னு இயற்கை பாக்குதுங்கறது சாதாரண விஷயமா?" என்றார். உன் பேராசிரியர் இப்படிக் குதித்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்குக் கொடுத்த டீயை அவரே குடித்துவிட்டார்.

திருத்திய கட்டுரை போய்விட்டது. அப்பா மனுவைக் கொடுத்துவிட்டார். அந்த அலுவலகத்தில் ஒருவரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார், அதனால் மனு மறக்கப்படாது. நான் இத்தாலியப் பாஷை கற்றுக்கொள்கிறேன். "ஒரு காப்பி" என்று கேட்க வருகிறது, இரண்டாவது காப்பி கேட்க இன்னும் வரவில்லை.

மழை வருவதற்குள் நீ வீட்டில் இருப்பாய். இது என் வாக்கு.

அக்கா,
செவில்

•

ஏழாம் காவல் குடில்
ஆசர் 12

அன்பு அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை வந்துவிட்டது. உன் வாக்கை மழை கேட்கவில்லை.

ஒன்பதாம் குடிலில் ஒரு பையன், ஃபரிபொர்ஸ். விறகு பொறுக்க வெள்ளைக் கல்லுக்கு உள்ளேதான் போனான். வலது கால் கணுக்காலோடு போய்விட்டது. நாங்கள்தான் போர்வையில் தூக்கி வந்தோம். வழியெல்லாம், "பூட்ஸ் புதுசு, பூட்ஸ் புதுசு" என்று அரற்றினான். ஆரேஃப் அன்று ரொட்டி சுடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

காவலில் நிற்கும்போது கைக்கும் மனதுக்கும் ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. அதனால் டீத்தூள் பொட்டலத்தின் பின்பக்கத்தில் உன் வளையத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் எதற்கு! நாலு இருக்கை, இரண்டு ஃபெர்மியான். இரட்டைப்படைதானே, உன் பள்ளம் இங்கேயும் விழ வேண்டும். விழுந்தால் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிடலாம்.

கட்டுரை என்ன ஆயிற்று? ஏதாவது சேதி வந்தால் வண்டிக்காரனிடமாவது சொல்லி அனுப்பு. நாள் நகர மாட்டேன் என்கிறது.

யாஷார்

•

சன்ஜான்
ஆசர் 27

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? இங்கே சுகம். வருஷத்திலேயே நீளமான பெரிய ராத்திரி வருகிறதே, அதைக் கொண்டாட மாதுளை வாங்கினோம். தர்பூசணி இந்த வருஷம் யானை விலை, அப்பா ஒன்றே ஒன்று வாங்கி வந்து குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா கல்லுப்பு வறுத்து முழங்காலில் கட்டிக்கொள்கிறாள். மாடி நீர்க்குழாய் உறைந்து வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹாஜி அவர் பங்குக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார். வேறு விசேஷம் இல்லை.

ஃபரிபொர்ஸை நினைத்து அம்மா மூன்று நாள் அழுதாள். ஆமாம், சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெம்பில்லை.

கட்டுரையைப் பற்றிக் கேட்காதே. நடக்கிறபடி நடக்கும். நீ நாலு இருக்கைக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காதே. காவலில் நிற்கிறவன் காவலைப் பார்க்க வேண்டும், டீப்பொட்டலத்தைப் பார்க்கக் கூடாது. அந்தத் தாளை அடுப்பில் போடு. சொன்னால் கேள் யாஷார், ஒருமுறையாவது கேள்.

பாதாம், உலர்ந்த மல்பெரி அனுப்பியிருக்கிறேன். கையுறையும் இரண்டு ஜோடி, ஆரேஃபுக்கும் சேர்த்து.

அக்கா

•

ஏழாம் காவல் குடில்
தே 4

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். என் போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

பள்ளம் விழவில்லை. ஐந்து முறை போட்டேன். என் கை தப்பு என்று நினைத்தேன். பிறகுதான் மெஹர் மாதம் நீ எழுதியது நினைவுக்கு வந்தது: நடுவில் இருந்த வரியை நகலெடுத்துத் தையலில் ஒட்டினேன் என்று.

அக்கா, நடுவில் ஒரு ஃபெர்மியான் பக்கத்து இடத்துக்குப் போக யாரையும் தாண்ட வேண்டியதில்லை. தையலில் கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வருகிறது என்றால், கணக்குப்படி மற்ற அத்தனை பேரையும் தாண்டி வருகிறது. ஒவ்வொருவரைத் தாண்டும்போதும் ஒரு மைனஸ். மற்றவர்கள் இரட்டைப்படை என்றால் மைனஸ்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒற்றைப்படை என்றால் ஒரு மைனஸ் மிஞ்சும். நீ அதைப் போடவில்லை. அதனால்தான் மொத்தம் இரட்டைப்படையாகும்போது மட்டும் பள்ளம். இயற்கை ஒன்றும் ஒற்றை இரட்டை பார்க்கவில்லை. மைனஸ் இல்லாமல் உன் வளையத்தில் ஓடியவை ஃபெர்மியான்களே இல்லை, ஃபெர்மியான் வேஷம் கட்டிய வேறு எதுவோ.

டாக்டரிடம் உடனே சொல். கட்டுரையைத் திரும்ப வாங்கு. என் கதி என்ன என்று யோசிக்காதே. நான் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பொய்யான பள்ளத்தில் என்னைத் தூக்கி வீட்டில் போட வேண்டாம்.

உன் தம்பி,
யாஷார்

•

சன்ஜான்
தே 25

அன்பு யாஷார்,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ரேடியோவில் எல்லை என்று சொன்னாலே அம்மா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். பார்சல் வந்ததா? ஒரு தாளில் "இருக்கிறேன்" என்று எழுதி அனுப்பினால் போதும்.

டாக்டர் நேற்று, "என்னம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க வேண்டியவ, எழவு வீட்டுக்காரி மாதிரி இருக்கியே?" என்றார். தூக்கம் இல்லை என்றேன். அது உண்மைதான்.

கட்டுரை இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. எழுது. தயவுசெய்து எழுது.

செவில்

•

ஏழாம் காவல் குடில்
பஹ்மன் 8

அன்பு அக்கா,

இருக்கிறேன். நலம். பார்சல் வந்தது. மல்பெரியை ஆரேஃப் ரொட்டி மாவில் போட்டுப் பிசைந்து சுட்டான். கேப்டனே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "இவன் கால் போனாலும் பரவாயில்ல, கை போகக் கூடாது" என்றார். இங்கே இதுதான் நகைச்சுவை.

தே மாதம் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். வரவில்லை என்றால் விட்டுவிடு. ஒன்றும் முக்கியமில்லை. குளிரைப் பற்றித்தான்.

நாலு இருக்கைத் தாளை நீ சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டேன். உனக்கு ஏதாவது சேதி வந்ததா? மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எஸ்பந்த் கடைசியில் ரோந்து ஆரம்பம் என்கிறார்கள்.

யாஷார்

•

சன்ஜான்
பஹ்மன் 24

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பதே எனக்கு எல்லாம்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பா பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாராம், யார் எவர் என்று பார்க்காமல். அம்மா உன் படுக்கையை வெயிலில் போட்டாள். ட்ரியெஸ்தேயிலிருந்தும் ஒப்பந்தம் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். உன் மாற்று உத்தரவு எஸ்பந்த் முதல் வாரம் அங்கே வந்துவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பல்வலி.

உத்தரவு வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பி வா. யாரிடமும் எதையும் பேசிக்கொண்டு நிற்காதே. வந்த பிறகு என்னிடமும் எதையும் கேட்காதே. வந்தால் போதும்.

அக்கா

•

ஏழாம் காவல் குடில்
எஸ்பந்த் 10

அக்கா,

அம்மா அப்பா நலம்தானே? இந்தக் கடிதத்தோடு இன்னொன்று இருக்கிறது. முதலில் அதைப் படி, தேதியைப் பார். பிறகு இதற்கு வா.

படித்தாயா? தே மாதமே எழுதியது. கேப்டன் பிடித்து வைத்துக்கொண்டார். இங்கே போகிற வருகிற கடிதமெல்லாம் அவர் படிப்பார். என்னைக் கூப்பிட்டு மேஜையில் தட்டினார்.

"வளையம்ங்கற, தையல்ங்கற. முன்னாடி உங்க அக்கா உலுக்கல்னு எழுதினாங்க, ஜோடியா ஓடறாங்கன்னு எழுதினாங்க. வட்டம் வட்டமா படம் வேற. இது நம்ம குடில் வரிசைதானே? யாருக்குடா தகவல் குடுக்கற?"

"சார், அது ஃபெர்மியான் சார்."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

நாலு நாற்காலியை அடுப்பைச் சுற்றிப் போட்டேன். ஆரேஃபை உட்கார வைத்தேன், நான் கடைசி நாற்காலியில். "ஒருத்தரைத் தாண்டினா ஒரு தடவை தொப்பியைத் திருப்பணும் சார்" என்று சொல்லி, முதல் நாற்காலிக்கு வந்தேன். தொப்பி பின்பக்கம் பார்த்தது. சமையல்காரரையும் உட்கார வைத்து, இருவரையும் தாண்டினேன், தொப்பி நேரானது. கேப்டனுக்குச் சந்தேகம் தீரவில்லை. தானே எழுந்து தாண்டிப் பார்த்தார். நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"ஆக, உங்க அக்கா தொப்பியைத் திருப்ப மறந்துட்டாங்க."

"ஆமா சார்."

"இதனால யாராச்சும் சாவாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏண்டா உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். கட்டுரை, அப்பாவின் மனு, எல்லாம். அவர் தாடையைச் சொறிந்தார். "சந்தேகத்துக்குரிய குறியீடுன்னு ஒரு வரி எழுதிக் கிழிச்சுப் போட எனக்கு அதிகாரம் இருக்கு. உன் மேல தப்பில்ல, கிழிச்சது நான். கிழிக்கவா?" என்றார்.

கிழியுங்கள் என்று நான் சொல்லவில்லை அக்கா. அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். எழுதும்போது இருந்த வீரம், கையில் திரும்பி வந்தபோது இல்லை. குளிரைப் பற்றி எழுதினேன் என்று உனக்குப் பொய் சொன்னேன்.

முந்தாநாள் என் மாற்று உத்தரவு வந்தது. கேப்டன் ரோந்துப் பட்டியலை எடுத்து, என் பெயரை அடித்து, அதே இடத்தில் ஆரேஃபின் பெயரை எழுதினார். என்னைத் திட்டக்கூட இல்லை. காலியிடம் என்றால் அடுத்தவன் வரவேண்டும், அவ்வளவுதான். ஆரேஃப் என் தோளைத் தட்டி, "போடா, போய் உங்க அம்மா சமையலைச் சாப்பிடு. என் காலுறைதான் ராசியானது" என்று சிரித்தான். அது நீ பின்னிய காலுறை.

என்னால் முடியவில்லை. நியாயமான கட்டுரையாக இருந்தால் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். இது நீ மறந்த ஒரு மைனஸ். அதன்மேல் ஏறிக்கொண்டு நான் வீட்டுக்குப் போவது, அவன் அங்கே நடப்பது... இல்லை அக்கா. உத்தரவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன் பதில் வரும்வரை போடமாட்டேன். உன் ட்ரியெஸ்தேயையும் சேர்த்துக் கெடுக்கிறேன் என்று தெரியும். என்னைத் திட்டு.

யாஷார்

•

சன்ஜான்
எஸ்பந்த் 21

யாஷார்,

திட்டத்தான் போகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

முட்டாளே, நீ கண்டுபிடித்ததை நான் உனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். உன் ஆசர் மாதக் கடிதம் வந்த அன்றே, நாலு இருக்கை என்று நீ எழுதியதைப் பார்த்து நானும் உட்கார்ந்து போட்டேன். பள்ளம் விழவில்லை. அதே கடிதத்தில்தான் ஃபரிபொர்ஸின் கால் இருந்தது. ஒரே தாளில் இரண்டும். நான் என்ன செய்வேன்? ஒரு பக்கம் ஒரு மைனஸ், ஒரு பக்கம் உன் கால். கால் என்று முடிவு பண்ணினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மாதுளை, குழாய், தர்பூசணி என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, நீ ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லையா? நீ வீட்டுக்குள் காலை வைத்ததும் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றிருந்தேன். இத்தாலி ஒப்பந்தத்தில் நானும்தான் கையெழுத்துப் போடவில்லை.

உன் கடிதம் வந்தது. ஆரேஃபைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "என்னடி, எப்ப வர்றானாம்?" என்று கேட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை, கழற்றியே வைத்துவிட்டார். "எப்பக் கண்டுபிடிச்சே?" என்றார். "இன்னிக்குக் காலையில" என்றேன். "நானும் பாத்தேனே, என் கண்ணுக்கு என்ன கேடு" என்று மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஆசிரியர் குழுவுக்கு எழுதினோம். மைனஸைப் போட்டு ஓட்டினேன். எல்லோருக்கும் விழுகிற அதே சின்னப் பள்ளம். ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்ல நமக்கு இத்தனை நாள்.

ட்ரியெஸ்தேக்காரர்கள் மரியாதையாகப் பதில் போட்டுவிட்டார்கள், வேறு நல்ல முடிவு கிடைத்தால் எழுதச் சொல்லி. என் ஆய்வேடு ஒரு வருஷம் தள்ளிப் போய்விட்டது. உன் உத்தரவை ரத்து செய்துவிடுவார்கள்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "பையன் என்ன சொன்னான்?" என்றார். நீ சொன்னதைச் சொன்னேன். எழுந்து போய் பஸ்ஸைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா உன் படுக்கையை இன்னும் சுருட்டவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். இப்போது நான் சொல்கிறபடி நீ செய். இரண்டு காலோடு வந்து சேர். ஏதாவது ஆயிற்று, யாஷார், உன் உண்மையும் வேண்டாம் பௌதிகமும் வேண்டாம், நான் இந்த ஜென்மத்தில் உன்னை மன்னிக்கமாட்டேன். என்னையும்தான்.

ரோந்து முடிந்ததும் எழுது. முடிந்த உடனே எழுது.

அக்கா

•

ஏழாம் காவல் குடில்
ஃபர்வர்தின் 6

அன்புள்ள அக்கா,

புது வருஷ வாழ்த்து. எல்லோரையும் வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவை முத்தமிட்டேன் என்று சொல், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்.

உத்தரவு ரத்தான தாள் வந்தது. கேப்டன் பட்டியலில் என் பெயரைத் திரும்ப எழுதினார். ஆரேஃபின் பெயரை அடிக்க மறந்துவிட்டதாக அவர் சொல்கிறார். ஆரேஃப்தான் அடிக்கவிடவில்லை என்று சமையல்காரர் சொல்கிறார். எப்படியோ, இரண்டு பேரும் நேற்றுப் போனோம். முன்னால் போகிறவன் காலடி பதிந்த இடத்திலேயே பின்னால் வருகிறவன் கால் வைக்க வேண்டும். பாதி தூரம் அவன் முன்னால், பாதி தூரம் நான். கால்விரல் மடங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆரேஃப் வழியெல்லாம் மாவு பிசைகிற பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான், அதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. பயம் இருக்கிறது. அடுத்த முறை சனிக்கிழமை. அதற்குள் ஒரு கடிதம் போடு, அம்மா உன்னோடு பேச ஆரம்பித்தாளா என்று. மாதுளையைப் பற்றி எழுதினால் கிழித்துப் போடுவேன்.

தம்பி,
யாஷார்

(அடியில் வேறு கையெழுத்தில்)

தணிக்கை செய்யப்பட்டது. சந்தேகத்துக்குரிய குறியீடு எதுவும் இல்லை. அம்மையாருக்கு: இரண்டு பேர் போனார்கள், இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். வாசலில் நின்று நானே பார்த்தேன். இருவர் தொப்பியும் நேராகத்தான் இருந்தது.

— கேப்டன் ஜலில்வந்த்